மறுபடி கேட்காதவர்கள்

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் காபி குடிக்கிறீர்களா என்று கேட்பார்கள். "ஐய, வேணாங்க, இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்" என்போம். குடித்திருக்கவே மாட்டோம். மறுபடி கேட்பார்கள். அப்போதும் கொஞ்சம் இழுப்போம். அதற்குள் டம்ளர் கைக்கு வந்துவிடும். முதல் தடவையே சரியென்று வாங்கிக்கொண்டால், "பறந்துகினு கீறா பாரு" என்று பேச்சு வரும். என்னைப் பெண் கேட்டு வந்தபோதுகூட என் அப்பா, "பொண்ணு படிச்சிகினு கீதுங்க, இப்ப வேணாம்" என்றுதான் திருப்பி அனுப்பினார். அவர்கள் மறுபடி வந்தார்கள். வராமலே இருந்திருக்கலாம் என்று சில நாட்களில் எனக்குத் தோன்றுவது வேறு விஷயம்.

இந்த மரியாதை அமெரிக்காவில் செல்லாது என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. மற்ற எல்லாவற்றையும் சொல்லித் தந்தார்கள். திருத்தணி ஸ்டேஷன் ரோட்டில் ஒரு மெடிக்கல் ஷாப் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடந்தது. தொலைப்பதற்குச் சொல்லும் லூஸ் வேறு, தொளதொளப்புக்குச் சொல்லும் லூஸ் வேறு. அட்வைஸ் வேறு, அட்வைஸ் பண்ணுவது வேறு. அஃபெக்ட் வேறு, எஃபெக்ட் வேறு என்று எழுதி எழுதிக் கை வலிக்கும். அப்புறம் அமெரிக்கர்களின் அன்றாடப் பேச்சு. பீஸ் ஆஃப் கேக் என்றால் அங்கே கேக் எதுவும் இல்லை, சுலபமான வேலை. மேடை ஏறப் போகிறவனிடம் 'காலை ஒடித்துக்கொள்' என்றால் அது வாழ்த்து. "வாழ்த்துறதுக்கு அவங்களுக்கு வேற வார்த்தையே கெடைக்கலியா சார்?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. நான் நிஜமாகவே எரிச்சலில்தான் கேட்டேன்.

படித்தது வீண் போகவில்லை. அமெரிக்காவிலிருந்து பொருள் வாங்கியவர்களின் புகார்களைப் போனில் கேட்கும் வேலை கிடைத்தது. கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே. ஆஹா, வீட்டிலேயே வேலையா, கொடுத்து வைத்தவள் என்றார்கள் எல்லோரும். என்ன கொடுத்து வைத்தேன்? அவர்களுக்குப் பகல் என்றால் நமக்கு ராத்திரி. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை இறக்கி வைப்பதற்குள் நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். வெளியே குழந்தை பசிக்குது என்பாள். உள்ளே நான், பார்சல் உடைந்து வந்துவிட்டதென்று கத்தும் யாரோ ஒருத்தியிடம், "உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது" என்று கொஞ்சும் இங்கிலீஷில் குழைந்துகொண்டிருப்பேன். கிருத்திகை நாளில் மலைக்குப் போகிற கூட்டம் தெருவில் அரோகரா போட்டால் ஓடிப்போய் ஜன்னலையும் சாத்த வேண்டும். மகளின் வீட்டுப்பாடம், சாப்பாடு, தூக்கம் எதிலும் நான் இல்லை. எல்லாம் கணவர்தான். அவர் பாவம், பொதட்டூர்பேட்டையில் நாளெல்லாம் பவர்லூம் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவர்.

வேலையில் புதிதாகச் சேருகிறவர்கள் எல்லாரும் என்னிடம்தான் சந்தேகம் கேட்பார்கள். எந்த வார்த்தை எங்கே வரும், அந்த அம்மா போனில் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று. இது அமெரிக்காவில் இருந்த மேனேஜரின் காதுக்குப் போனது. ஒரு சாயந்திரம் வீடியோவில் கூப்பிட்டார். புதியவர்களுக்கு வகுப்பெடுக்க ஒரு ஆள் வேண்டும், முழுக்கப் பகல் வேலை, நீ எடுத்துக்கொள்கிறாயா என்றார்.

பகல் வேலை! மனசு உடனே சரி என்றது. வாய் என்ன சொன்னது தெரியுமா? "எனக்கு அவ்வளவு தகுதியெல்லாம் இல்லை சார், என்னைவிடப் பெரியவர்கள் இருக்கிறார்கள்." சொல்லிவிட்டுச் சிரித்தபடி காத்திருந்தேன். அவர் தலையை ஆட்டினார். "உன் நேர்மைக்கு ரொம்ப நன்றி" என்றார். வீடியோ அணைந்தது.

கணவரிடம் சொன்னேன். "நீ இன்னா சொன்ன?"

"வேணாம்னேன்."

"அதான் சரி. உடனே ஆங்னு தலயாட்டக் கூடாது. திரும்பக் கேப்பாங்க பாரு."

இருவருக்கும் துளிச் சந்தேகமில்லை. மகளை மடியில் உட்கார வைத்து, "அடுத்த மாசத்துலேர்ந்து அம்மாவுக்குப் பகல்லதான் வேல, சாயந்திரம் உங்கூடவேதான்" என்று சொல்லிவிட்டேன். "கதவ சாத்த மாட்டியா?" என்றாள். மாட்டேன் என்றேன்.

ஒவ்வொரு மீட்டிங்கிலும் தலையை வாரிக்கொண்டு, நல்ல சுடிதாராகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் கேட்கவே இல்லை. பிறகு ஒரு நாள் அறிவிப்பு வந்தது. எங்கள் டீமில் இருந்த ஒரு சென்னைப் பையனுக்கு அந்த வேலை. அஃபெக்ட்டா எஃபெக்ட்டா என்று முந்தின வாரம்தான் என்னிடம் கேட்டிருந்தான். "எனக்குக் குடுங்கன்னு நானே கேட்டேன்க்கா" என்று சந்தோஷமாகச் சொன்னான். அவன்மேல் கோபமில்லை என்று எழுதினால் அது பொய். கோபம் இருக்கிறது, வயிறு எரிகிற அளவுக்கு.

வெட்கத்தை விட்டு மேனேஜருக்கு எழுதினேன். எனக்கு அந்த வேலை வேண்டும், எங்கள் ஊரில் முதல் தடவை வேண்டாம் என்பதுதான் மரியாதை, நீங்கள் மறுபடி கேட்பீர்கள் என்று காத்திருந்தேன் என்று. உடனே பதில் வந்தது, சிரிக்கிற முகம் ஒன்றையும் சேர்த்து. முதலிலேயே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஆனால் தட் ஷிப் ஹேஸ் செயில்ட் என்று எழுதியிருந்தார். கப்பல் கிளம்பிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை. போன மாதம்தான் ஒரு புதுப் பெண்ணுக்கு இதற்கு அர்த்தம் சொல்லிக் கொடுத்திருந்தேன். மேனேஜர் நல்ல மனுஷர்தான். அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. திட்டக்கூட ஆளில்லை.

மகளிடம் சொல்ல இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். பிறகு சொன்னேன். அழுவாள், நானும் அவளைக் கட்டிக்கொண்டு அழலாம் என்று நினைத்திருந்தேன். "சரிம்மா" என்றாள், அவ்வளவுதான். நான் ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டிருந்தபோது அவளே எழுந்து வந்து, வெளியே நின்று, சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள்.