சர்க்கரை வகுப்பில் கேசரி

அமெரிக்காவில், பிளானோ ஊரில் எங்கள் கிளினிக்கை நடத்தும் டாக்டர் சென்னைக்காரர். தமிழ்க் குடும்பங்களுக்குச் சர்க்கரை நோய் வகுப்பு நடத்த அரசாங்கப் பணம் வாங்கியிருந்தார். அதைக் கவனிப்பது என் வேலை. முன்பு வந்தது கிராண்ட். பணத்தைக் கொடுத்துவிட்டு அரசாங்கம் ஒதுங்கிக்கொள்ளும், வருஷக் கடைசியில் அறிக்கை அனுப்பினால் போதும். இந்த முறை வந்தது கோஆபரேட்டிவ் அக்ரிமென்ட். பணம் தருகிறவர்களே கூட உட்கார்ந்து வேலையும் செய்வார்கள். அவர்களுடைய அதிகாரி அம்மாள் ஒருவர் மாதாமாதம் ஃபோனில் வந்து, ஏதாவது பிரச்சினையா என்று கேட்பார்.

“ஒண்ணுமே இல்லன்னு சொல்லும்மா. சம்பந்தி வீட்டுல போய் நம்ம வீட்டுக் குறையச் சொல்வமா?” என்பார் டாக்டர்.

குறை இருந்தது. சனிக்கிழமை வகுப்புக்கு ஈ காக்கை வராது. இப்படியே போனால் அடுத்த வருஷம் வகுப்பே இருக்காது. என் கணவருக்கு வேறு சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. எனக்குப் பயமாக இருந்தது. அவரும் ஒருநாள்கூட எட்டிப் பார்த்ததில்லை.

அதிகாரி நேரில் வருகிறார் என்றதும் டாக்டர் ஊரையே கூட்டினார். எங்கள் பிள்ளைகள் போகும் சனிக்கிழமை டான்ஸ் கிளாஸுக்கு அன்று லீவு விடச் சொன்னார். ஹால் நிறைந்தது. கூடவே கேசரி, வடை.

“சர்க்கரை கிளாஸ்ல கேசரியா டாக்டர்?”

“விருந்தாளி வராங்கல்ல?”

அந்த அம்மாள் நேராகப் போய் என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எத்தனை வாரமாக வருகிறீர்கள் என்று கேட்டார். என் கணவருக்குப் பொய் சொல்ல வராது. இதுதான் முதல் தடவை என்றார். சனிக்கிழமைகளில் மகளை டான்ஸ் கிளாஸில் விட்டுவிட்டு, முடியும்வரை பார்க்கிங்கில் காரிலேயே உட்கார்ந்திருப்பாராம். அப்பாக்கள் எல்லாருமே அப்படித்தானாம். பொழுது போகப் பக்கத்துக் கடை சமோசா.

போச்சுடா என்று நினைத்தேன். டாக்டர் கேசரித் தட்டைக் கீழே வைத்தார்.

அந்த அம்மாள் என்னிடம் திரும்பினார். இதைத்தானே மாதாமாதம் கேட்டேன், வகுப்பை அங்கேயே மாற்றுங்கள், ஒப்புதலுக்கு நான் பொறுப்பு, நான் கூட இருப்பதே அதற்குத்தான் என்றார். கோபமே படவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலை.

இப்போது டான்ஸ் பள்ளியின் பின்னறையில்தான் வகுப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள், இந்தப் பக்கம் அப்பாக்கள். போன மாத ஃபோனில் வழக்கமான கேள்வி வந்ததும் டாக்டர் என்னைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார், நாற்காலி போதவில்லை என்று சொல்லியே விட்டார்.

உண்மைதான். அந்தச் சனிக்கிழமை என் கணவர் சுவரோரமாக நின்றுகொண்டுதான் கேட்டார். கையில் சமோசா இல்லை.