கழுவிய கோப்பை

ரப்பர் வாசம் இந்த ஊரில், ஜெர்மனியின் பிரேமன் நகரத்து மூன்றாவது மாடி வீட்டில் என்னைத் தேடி வருமென்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். எதிர்வீட்டு லிண்டமான் தம்பதி, தோட்டத்துக்குப் போய்வந்த ரப்பர் பூட்சுகளைக் கதவுக்கு வெளியே ஹீட்டரின் அருகில் கழற்றி வைப்பார்கள். பச்சை ஜோடி அவருக்கு, சிவப்பு ஜோடி அவர் மனைவிக்கு. சூடேறியதும் அவை மெல்ல மணக்கத் தொடங்கும். அந்த மணத்துக்குள் என் ஊர் பெருங்கடவிளையில் ரப்பர் உலர்த்தும் எங்கள் புகைப்புரையின் கதவு திறக்கும். கம்பில் தொங்கும் ஷீட்டுகள், சிரட்டையில் உறைந்த ரப்பர் பால், கண்ணை எரிக்கும் விறகுப்புகை. ஜெர்மன் வாயில் வராத நாட்களில் அந்தப் பூட்சுகளின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குள் போவேன்.

இங்கே கதவென்றால் கதவுதான். படியில் எதிர்ப்படுகிறவர்கள் "ஹாலோ" என்பார்கள். அதற்குமேல் ஒரு அடி எடுத்துவைக்க அந்தச் சொல்லில் இடமிருக்காது. நான் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். கணவரும் மகளும் ஊரில். மகளுக்கு விசா கிடைக்க வேண்டுமானால் அவள் வந்து தங்க வீடு இருக்கிறது என்று காட்ட வேண்டும். அலைந்து அலைந்து இந்த வீட்டைப் பிடித்தேன். சாவி தரும்போதே வீட்டு அலுவலகத்துப் பெண் சொல்லிவிட்டாள்: அக்கம்பக்கத்தில் புகார் வந்தால் அடுத்த வருடம் வீடு கிடையாது. அன்றிலிருந்து மிக்சியைத் துண்டால் சுற்றித்தான் தேங்காய் அரைத்தேன்.

ஒரு குளிர்காலக் காலையில் வேலை முடிந்து வந்தபோது வாசலில் கறுப்பு வண்டி நின்றது. இரண்டு பேர் லிண்டமானின் மனைவியின் உடலை மாடியிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள். ஒரு அழுகைச் சத்தமில்லை. எந்தக் கதவும் திறக்கவில்லை. மாடிக்கு ஏறினால், சிவப்புப் பூட்சுகள் நேற்றைய மண்ணோடு அப்படியே இருந்தன.

ஊரில் சாவு வீட்டுக்கு யாரும் கதவு தட்டிப் போவதில்லை. ஆண்கள் முற்றத்தில் நிற்க, அயல்வீட்டுப் பெண்கள் பின்பக்கமாக நுழைந்து அடுக்களையைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். அந்த வீட்டில் அடுப்பெரியாது. கஞ்சியும் பயறும் வெளியிலிருந்து வரும். கிடக்கிற பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து, தரையைத் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்து அழுவார்கள். கேட்டுக்கொண்டு செய்தால் அது மரியாதையே இல்லை.

நானும் கஞ்சி வைத்தேன். பயற்றைத் தேங்காய் போட்டு வேகவைத்து அதே பாத்திரத்தில் சேர்த்தேன். எதிர்வீட்டுக் கதவு பூட்டாமல் சாத்திக் கிடந்தது. உள்ளே அவர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பாத்திரத்தை அடுப்பின்மேல் வைத்தேன். தொட்டியில் ஒரு தட்டு, ஒரு கோப்பை. கை தானாகப் போயிற்று. கோப்பையின் விளிம்பில் உதட்டுச்சாயம் ஒட்டியிருந்தது. விரலால் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தேன்.

தண்ணீர்ச் சத்தம் கேட்டு அவர் வந்தார். கவிழ்ந்திருந்த கோப்பையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகுதான் கத்தினார். "ராவுஸ்!" வெளியே போ. அந்தச் சொல்லை எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

கணவருக்கு போன் செய்தேன்.

"எட்டி லீலா, ஜெர்மன்காரனுக்க அடுக்களையிலயும் நீதானா சாவு வீட்டு மேஸ்திரி?"

"பின்ன, எதிர்வீட்டுல சாவு கெடக்குது, நான் கதவ அடச்சிட்டு ஒறங்கணுமாக்கும்?"

"ஒறங்கியிருந்தா நல்லாயிருந்திருக்கும். அவன் ஒரு பராதி எழுதிக் குடுத்தா மோளுக்க விசா என்னாவும்? அத நீ நெனச்சுப் பாத்தியா?"

பக்கத்திலிருந்து மகள் போனைப் பிடுங்கினாள். "அம்மா, அவரு போலீஸ விளிச்சா நீ அழுதிராத கேட்டியா. எனக்க ஜெர்மன் பரீட்ச முடியட்டு, நான் வந்து பேசுதேன்." சிரிப்பதுபோலத்தான் சொன்னாள். போனை வைக்கும் முன்னால், "பெட்டி வாங்கியாச்சும்மா. நீலம்" என்றாள்.

அதன்பிறகு என் காதுகள் அவருடைய வீட்டிலேயே இருந்தன. அவர் கதவு திறந்தால் நான் மூச்சை அடக்குவேன். தபால்பெட்டியைத் திறக்கும் முன்னால் விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொள்வேன். அவர் கண்ணில் படாமல் குப்பை கொட்டப் போனேன். சிவப்புப் பூட்சுகளை யாரும் எடுக்கவில்லை. அவற்றின் அருகே நிற்க இப்போது எனக்குத் துணிவில்லை.

என் அம்மா இறந்தபோது நான் டெல்லியில் வேலையில் இருந்தேன். ரயில் பிடித்து நெய்யாற்றின்கரையில் இறங்கி வீடு சேர்வதற்குள் எல்லாம் கழுவி முடிந்திருந்தது. அம்மாவின் தலையணை உறை கொடியில் படபடத்துக்கொண்டிருந்தது. அம்மா குடித்த எவர்சில்வர் டம்ளர் மற்ற டம்ளர்களோடு சேர்ந்துவிட்டது. எது அவளுடையது என்று தெரியவில்லை. எவ்வளவு நல்ல அயல்காரர்கள் என்றுதான் அன்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தலையணை உறையை ஒருமுறை, ஒரே ஒருமுறை, நனைவதற்கு முன்னால் முகர்ந்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது இந்த ஊரில், இந்தச் சுவருக்கு இப்பால் ஒளிந்து கிடந்தபோதுதான். இனி ஊரில் ஒரு சாவு வீட்டுக்குப் போனால் என் கை முன்போல நீளுமா, தெரியவில்லை. இங்கேயோ அது நீளவே கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மணி அடித்தது. கதவைத் திறந்தேன். லிண்டமான் சவரம் செய்யாத முகத்தோடு நின்றார். கையில் என் கஞ்சிப் பாத்திரம்.

"வீட்டு அலுவலகத்துக்கு..." என்று தொடங்கி, அடுத்த சொல் கிடைக்காமல் தவித்தேன். "என் மகள்... வர வேண்டும்."

அவர் இல்லையென்று தலையசைத்தார். "யாருக்கும் எதுவும் சொல்லவில்லை."

பாத்திரத்தை இரண்டு கையாலும் நீட்டினார். விளிம்பில் கஞ்சி காய்ந்து வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. அடிவரை கரண்டி வழித்த கோடுகள். வாங்கி மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

அவர் திரும்பித் தன் கதவருகே போய் நின்றார். ஒரு கை சிவப்புப் பூட்சுகளுக்கு மேலே சுவரைப் பிடித்திருந்தது.

"கழுவவில்லை" என்றார். "உங்களைக் கேட்காமல் எப்படிக் கழுவுவது?"