லட்லோவுக்கு நூற்று நாற்பத்தைந்து மைல்

1998 ஏப்ரல், ஒரு செவ்வாய்க்கிழமை. லண்டனுக்கு மேற்கே ஈலிங்கில், இரவுக்கு நாற்பது பவுன் கொடுத்துத் தங்கியிருந்த விடுதியிலிருந்து காலை ஒன்பதேகாலுக்கு எங்கள் வாடகைக் கார் புறப்பட்டது. ஆறு மணிக்கே கிளம்பிவிடலாம் என்று என் மனைவி ஸ்டெல்லா முந்தின நாளே சொல்லியிருந்தாள். கேட்காமல் போனது நான்தான்.

போக வேண்டிய ஊர் லட்லோ. அங்கே ஸ்டெல்லாவின் அண்ணன் டாக்டராக இருந்தார். தூத்துக்குடிக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண், ஈரோட்டுக்காரனான என்னைக் கட்டிக்கொண்டதில் அவருக்குக் கோபம்; ஒன்பது வருடம் தங்கையோடு பேசவில்லை. இங்கிலாந்து வருகிறோம் என்று அவள் கடிதம் போட்டதும், டெக்சாஸில் இர்விங்கிலிருக்கும் எங்கள் வீட்டுக்கு அவரே போன் செய்தார். "செவ்வாக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட வாங்க. மூணு மணிக்கு டூட்டிக்குக் கிளம்பிருவேன், மறுநாள் காலைலதான் வருவேன்" என்றார். எங்கள் விமானமும் மறுநாள் காலைதான். ஆக, அண்ணனும் தங்கையும் முகம் பார்க்க இரண்டே மணி நேரம். விமானத்தில் எங்கள் ஆறு வயது ஷீபாவுக்கு ஸ்டெல்லா 'மாமா' என்று சொல்லப் பழக்கிக்கொண்டே வந்தாள்.

டெக்சாஸில் தூரத்தை யாரும் மைலில் கேட்பதில்லை, மணிக்கணக்கில்தான் பேச்சு. இர்விங்கிலிருந்து ஆஸ்டின் இருநூறு மைல், மூன்று மணி நேரம். "நூத்தி நாப்பத்தஞ்சு மைல்தானே. ரெண்டரை மணி நேரம் டிரைவ் பண்ணா போதும். சீக்கிரம் போய் அவர் வாசல்ல நிக்கணுமா?" என்று நான் கேட்டேன். ஈரோட்டில் ஓட்டிப் பழகியபடி ஸ்டீயரிங் வலப்பக்கம் இருந்ததில் எனக்கு ஒரே குஷி.

ஆக்ஸ்போர்டு வரை நல்ல சாலை. அதைச் சுற்றிக்கொண்டு போகும் இடத்தில் நெரிசல் பிடித்துக்கொண்டது. பிறகு ஏ-44 என்ற சாலை. பெயர்தான் பெரிது, இரண்டு வண்டிக்கு மேல் இடமில்லை. இரண்டு பக்கமும் பச்சை வேலி, அதற்கப்பால் ஆடுகள், பிறந்து சில வாரமே ஆன குட்டிகள். ஓரத்தில் மஞ்சள் டாஃபடில் பூக்கள். டெக்சாஸில் ஏப்ரலில் நீலப்பூவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த மஞ்சள் புதிது.

பதினொரு மணிக்கு மோர்ட்டன்-இன்-மார்ஷ். செவ்வாய்தோறும் அங்கே சந்தை. தேன் நிறக் கல்வீடுகள் இரு பக்கமும் நிற்க, நடுவே அகலமான தெருவில் கடைகள்: பீங்கான் தட்டு, கம்பளிக் காலுறை, தக்காளி நாற்று, சக்கரம் சக்கரமாகப் பாலாடைக்கட்டி. நான் புதிதாக வாங்கிய வீடியோ கேமராவைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பாலாடைக்கட்டிக் கடைக்காரர் ஒரு துண்டு வெட்டித் தந்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்தார். டெக்சாஸ் என்றதும் என் தலையில் கௌபாய் தொப்பியைத் தேடினார். அரை பவுண்டு எடை வாங்கினேன், ஒரு பவுன் எண்பது பென்ஸ். அங்கேயே ஐம்பத்தைந்து நிமிடம் போயிற்று.

ஈவ்ஷமுக்கு முன்னால் பிளம் தோட்டங்கள். மரத்தில் இலை தெரியாத அளவுக்கு வெள்ளைப் பூ. மறுபடியும் நிறுத்தினேன். ஷீபாவை மரத்தடியில் நிற்கவைத்து எடுத்தேன். "மம்மி இஸ் கெட்டிங் மேட்" என்றாள் அவள். அது எனக்கும் தெரிந்தது. இன்னும் ஒரே ஒரு ஷாட் என்றேன்.

வூஸ்டர் நகரத்தைத் தொடும்போது ஒன்று இருபத்தைந்து. பொதுத் தொலைபேசியிலிருந்து ஸ்டெல்லா அண்ணனைக் கூப்பிட்டாள். பேசிவிட்டு வந்தவளின் முகம் மலர்ந்திருந்தது. "'மெதுவா வாங்கம்மா, ரோடு ஒடுக்கமா இருக்கும், பிள்ளை பத்திரம்'னு சொல்லுதான்" என்றாள். பேச்சில் தூத்துக்குடி வந்துவிட்டிருந்தது. சீக்கிரம் வா என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பிரோம்யார்ட் தாண்டி ஏற்றத்தில் ஒரு டிராக்டர் முன்னால் போனது. முந்த வழியில்லை. பிறகு ஆட்டு மந்தை ஒன்று சாலையைக் கடந்தது. மந்தைக்காரர் தொப்பியைத் தொட்டு நன்றி சொன்னார். நான் கேமராவை எடுக்கவில்லை. ஸ்டெல்லா கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லட்லோவில் அவர் வீட்டு வாசலில் நின்றபோது மணி மூன்று இருபது. கார் இல்லை. பக்கத்து வீட்டு அம்மாள் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று பத்து வரை டாக்டர் வாசல் கேட் அருகிலேயே நின்றார், அதற்குமேல் அவரால் முடியவில்லை என்றார்.

உள்ளே மீன் குழம்பு வாசனை. மேஜையில் நான்கு தட்டுகள். 'சாப்பிட்டுட்டுப் போங்க' என்று ஒரு சீட்டு. குழம்புச் சட்டியில் கரண்டி படவில்லை, சோறு குவித்தபடி இருந்தது. நான்கு தட்டும் சுத்தமாக இருந்தன.

"அவன் சாப்பிடாமயே போயிருக்கான்" என்றாள் ஸ்டெல்லா.

முப்பது மைலில் இருக்கும் அவருடைய ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்றேன். "அங்க பேஷண்ட் முன்னாடி நின்னு அழச் சொல்றீங்களா?" என்று கேட்டாள். எனக்கும் ஷீபாவுக்கும் பரிமாறினாள். தானும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள். "வேர் இஸ் மாமா?" என்று ஷீபா இரண்டு தரம் கேட்டாள். நான்காவது தட்டில் ஸ்டெல்லா சோறு வைத்து மூடிவிட்டு வந்தாள்.

விமான நிலையத்திலிருந்து மறுநாள் காலை போன் செய்தோம். "பரவால்லம்மா, அடுத்த தடவ பாப்போம்" என்றார். அந்த அடுத்த தடவை மூன்று வருடமாக வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வருகிறது, அதில் கையெழுத்து மட்டும். விமானத்தில் ஸ்டெல்லா சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது: "ஒம்போது வருஷமா அவன்தான் வரலன்னு சொல்லிட்டிருந்தேன். இனிமே அதையும் சொல்ல முடியாது."

இர்விங்கில் எங்கள் தமிழ்க் கூட்டத்தில் வெளிநாடு போய் வந்தவர்கள் விருந்துக்கு அழைத்து, சாப்பாட்டுக்குப் பிறகு வீடியோ போட்டுக்காட்டுவது வழக்கம். நானும் போடுகிறேன். சந்தை, பிளம் பூ, ஷீபா எல்லாம் நன்றாக வந்திருக்கின்றன. எல்லோரும் அழகு என்கிறார்கள். படத்துக்குப் பின்னாலிருந்து ஸ்டெல்லாவின் குரல் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கும்: "மணியாச்சுங்க, போலாம்." இப்போதெல்லாம் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுத்தான் போடுகிறேன்.