அண்ணன் கொடுக்க மறுத்த படச்சுருள்

அண்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, "சாந்தமானவர், எவரையும் பகைத்துக்கொள்ளாதவர் என்று எழுது" என்று உறவினர் சிலர் சொன்னார்கள். அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அண்ணன் பலரைப் பகைத்துக்கொண்டார். அவருடைய தங்கையான நான் அதைப் பெருமையோடுதான் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது, எங்கள் பெற்றோர் கடல் கடந்து பிழைக்க வந்த இந்த நாட்டில், சிம்பாங் ரெங்கத்துக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். வயது வந்ததும் அண்ணனும் அதே கத்தியைப் பிடித்தார். ஜெர்மன் சண்டை முடிந்திருந்த சமயம், தோட்டம் தோட்டமாகப் பயாஸ்கோப் காட்டிவந்த ஒருவர் எங்கள் தோட்டத்துக்கும் வந்தார். இயந்திரம் சுற்ற ஆள் வேண்டும் என்றதும் அண்ணன் அவரோடு கிளம்பிவிட்டார். "கூத்தாடிப் பொழப்புக்குப் போயிட்டான்" என்று அம்மாவிடம் சொன்ன அப்பா, அதன்பின் அண்ணனோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

அந்தப் படங்களில் வெள்ளைக்காரர்கள் ஓடுவார்கள், வழுக்கி விழுவார்கள். சாஆ என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு பெண் அண்ணனிடம், "ஏங்க, நம்ம ஆளுங்க விழுறத இதுல காட்டமாட்டாங்களா?" என்று கேட்டாராம். கேலியாகத்தான் கேட்டார். அண்ணனுக்கு அது தைத்துவிட்டது. சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் படம் பிடிக்கும் பழைய பெட்டி ஒன்றை வாங்கினார். பொந்தியானில் புகைப்படக் கடை வைத்திருந்த சீனர் ஒருவர், சுருள் கழுவத் தம் இருட்டறையைத் திறந்துவிட்டார். கல்யாண வீடுகளில் புகைப்படம் எடுத்துப் பிழைத்துக்கொண்டே, அண்ணன் தோட்டங்களைப் படம் பிடித்தார்.

முதல் படம் எங்கள் தோட்டம்தான். அம்மாவைப் பார்க்க வந்த சாக்கில், பெண்கள் கைக்குழந்தையோடு வேலைக்குப் போவதையும், பிள்ளைகள் வடிகால் தண்ணீரை அள்ளிக் குடிப்பதையும் எடுத்தார். சில வாரங்களில் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் வாந்திபேதி பரவியது. படத்தில் இருந்த பக்கத்து வீட்டுச் சிறுமி இறந்துபோனாள்.

அந்தத் தீபாவளிக்குப் படம் காட்டத் தோட்டத்துத் துரையே அண்ணனை அழைத்தார். அண்ணன் முதலில் அந்தச் சிறுமியின் தாயிடம் போனார்.

"அக்கா, படத்துல பாப்பா இருக்கா. காட்டட்டுமா, வேணாமா?"

அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "காட்டு தம்பி. தொரையும் பாக்கட்டும்," என்றார்.

சிரிப்புப் படம் முடிந்ததும் அண்ணன் தம் சுருளை மாட்டினார். தங்களையே திரையில் கண்ட ஜனங்கள் கைதட்டிக் கூச்சலிட்டார்கள். பிறகு வடிகால் வந்தது. சிறுமி குனிந்து தண்ணீர் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அவளுடைய தாய் எழுந்து, துரையின் நாற்காலிப் பக்கம் திரும்பினார்.

"இந்தத் தண்ணியத்தான் குடிச்சா தொரை, எம்பொண்ணு."

"விளக்கை நிறுத்து!" என்று துரை கத்தினார். அண்ணன் கடைசிவரை சுற்றிவிட்டுத்தான் நிறுத்தினார். துரை வந்து சுருளைக் கேட்டார்.

"குடுக்க முடியாது தொரை. நல்ல கெணறு வெட்டுங்க, அதையும் படம் எடுத்துக் காட்டுறேன்."

"நாளைக்கு உன் அப்பன் இந்தத் தோட்டத்தில் இருக்கமாட்டான்."

அண்ணன் கூட்டத்தில் அப்பாவைத் தேடினார். சுருளைப் பிடித்திருந்த கை மெல்ல இறங்கியது. அப்போது அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இத்தனை காலம் பேசாத மகனிடம், "குடுக்காதடா. மூட்டையக் கட்டிக்கிட்டு நாம போலாம்," என்றார்.

மறுநாள் மாட்டுவண்டியில் பொந்தியானுக்குக் கிளம்பினோம். அம்மா வழியெல்லாம் அழுதார். அப்பா ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன்பின் எந்தத் தோட்டமும் அண்ணனை உள்ளே விடவில்லை. அவர் தோட்ட எல்லைக்கு வெளியே, சாலையோரத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் காட்டினார். ஜனங்கள் நடந்தே வந்து பார்த்தார்கள். படித்த தமிழர் சிலர், "நம் கேவலத்தை ஏன் ஊருக்குக் காட்டுகிறீர்?" என்று கண்டித்தார்கள். "கேவலம் குடிச்சவங்களுக்கு இல்லீங்க, குடிக்க வெச்சவங்களுக்கு," என்றார் அண்ணன். ஒருமுறை சிறுமி இருந்த சுருளைப் போலீசார் பறித்துக்கொண்டு போனார்கள். அது திரும்பவே இல்லை. அண்ணன் சாப்பிடாமல் கிடந்தார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு தோட்டங்களுக்குப் போனார்.

எங்கள் பழைய தோட்டத்தில் பின்னர் கிணறு வெட்டினார்கள். படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று துரை சொன்னாராம். சொல்லிக்கொள்ளட்டும். பிள்ளைகள் இப்போது நல்ல தண்ணீர் குடிக்கிறார்கள்.

ரப்பர் விலை விழுந்து குடும்பம் குடும்பமாக ஜனங்களைத் தாய்நாட்டுக்குத் திருப்பிக் கப்பலேற்றியபோது, அண்ணன் அதையும் படமாக்கினார். அந்த அலைச்சலில்தான் அவருக்கு வெகுநாளாக இருந்த மார்புநோய் முற்றியது. பெட்டியைத் தூக்க முடியாமல் போனதும் என்னைப் படம் பிடிக்கச் சொன்னார். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குப்பா இந்த வேலை?" என்றார் பார்க்க வந்த சித்தப்பா. "அவளுக்குக் கண்ணு இருக்குல்ல சித்தப்பா, அது போதும்," என்றார் அண்ணன். அடுத்த வாரம் அவர் கண்களை மூடினார்.

கடைசிவரை மருந்து கொண்டுவந்து கொடுத்த, ஆஸ்பத்திரியில் மருந்துக் கட்டும் டிரஸருக்கும், அண்ணனைச் சுமந்த தோள்களுக்கும், இன்றும் கதவு திறந்துவைத்திருக்கும் புகைப்படக் கடைக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வேலை போகும் என்று தெரிந்தும் தோட்டங்களிலிருந்து துக்கத்துக்கு வந்தவர்களை நாங்கள் மறக்கமாட்டோம்.

இன்று திவசச் சாப்பாடு முடிந்து இருட்டியதும், எங்கள் வீட்டு வாசலில் அண்ணனின் படங்களைக் காட்டப்போகிறேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பின்னால் ஒதுங்கி நிற்காமல் முன்னால் வந்து உட்காருங்கள்.