கரைந்துபோன கம்மல்

என் ஜோடிக் கம்மலில் ஒன்றை மாமல்லபுரத்துக் கடல் விழுங்கியது. இன்னொன்றை நான் கரைத்தேன். கடலுக்கு அம்மாவிடம் திட்டு கிடையாது.

வருஷம் இரண்டாயிரத்துச் சொச்சம். புற்றுநோய் செல்லுக்குள் புகுந்து அதன் டி.என்.ஏ.வை ஒரு கை பார்க்கும் தங்கச் சேர்மம் ஒன்றைச் செய்வதுதான் என் முனைவர் பட்ட வேலை. கடைசி அத்தியாயத்துக்கு ஒரே ஒரு நல்ல முடிவு பாக்கி. ஆவணிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பட்டம் இன்னொரு வருஷம் தள்ளிப்போகும். அந்த நேரம் பார்த்தா, சேர்மம் செய்ய வேண்டிய தங்க உப்புக் குப்பி காலியாக வேண்டும்! புதுக் குப்பி வர மூன்று மாதமாம்.

"பத்தரை மாத்துடி, எங்கம்மா வூட்டு நகை" என்று அம்மா சத்தியம் செய்யும் அந்த ஒற்றைக் கம்மல் செங்கல்பட்டு வீட்டு பீரோவில் சும்மாதானே கிடக்கிறது? எடுத்துக்கொண்டு போய், தங்கத்தையே கரைக்கும் ராஜ திராவகத்தில் போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, அழகாகக் கரைந்தது. அதிலிருந்து செய்த சேர்மத்தை டி.என்.ஏ.வோடு கலந்து பார்த்தால், டி.என்.ஏ. துண்டு துண்டு! லேபிலேயே குதித்தேன்.

என் கைடு குதிக்கவில்லை. "தங்கம் இப்படி வெட்டாதும்மா. இது செம்பு பண்ற வேலை. எந்தக் குப்பி?"

"கம்மல் சார்."

சோதித்தால் பாதிக்குப் பாதி செம்பு. நகையென்றால் செம்பு கலந்திருக்கும் என்று வேதியியல் படித்த கழுதைக்குத் தோன்ற வேண்டாமா? சொன்னது அம்மாவாயிற்றே, நம்பிவிட்டேன்.

வீட்டுக்குப் போய், ஓடத் தோதாகச் செருப்பைக் கழற்றாமலே சொன்னேன்.

"இன்னாடி, கரைச்சிட்டியா?"

"பாதி செம்பும்மா அது."

அம்மா உள்ளறையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "உங்கப்பா காதுல வுழுந்துச்சுன்னா சாவுற வரைக்கும் சொல்லிக் காட்டுவாரு. உன் புக்குல தங்கம்னே எழுதிடு."

எனக்கும் ஆசைதான். தங்கம் என்று எழுதினால் ஆவணியிலேயே பட்டம். யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் நினைத்ததுமே எனக்கே வெட்கமாக இருந்தது.

"நாளைக்கு எவளோ ஒருத்தி, இந்த மருந்துல பொழச்சிடுவோம்னு நம்பிக்கினு இருப்பாம்மா. பட்டம் லேட்டானா ஆவட்டும்."

அம்மா உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். நானும் செருப்பைக் கழற்றினேன்.

"சரி, செம்புன்னே எழுது" என்றாள். "ஆனா, கம்மலு உங்க அத்தை குடுத்ததுன்னு எழுது."