தேய்த்து மடித்த சிறுமலை

இடது தோளில் பலகை, வலது அக்குளில் துணி. நான்குவழிச் சாலையின் ஓரமாகத் திண்டுக்கல்லைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். பலகை கதவு உயரம் இருக்கும். லாரி கடக்கும்போதெல்லாம் காற்று அதைப் பிடித்து என்னையும் சேர்த்துத் திருப்பிவிடும். திரும்பினால் வலது பக்கம் சிறுமலை முழுசாகத் தெரியும். அன்றைக்கு அதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. எனக்குப் பின்னால் ஓட்டல், அதற்கும் பின்னால் சின்னாளபட்டி. ஓட்டலை விட்டு அப்போதுதான் கிளம்பியிருந்தேன். சின்னாளபட்டியை விட்டு அந்த வாரம்தான் கிளம்பியிருந்தேன். இரண்டுக்கும் திரும்பிப் போக முடியாது.

சின்னாளபட்டியில் நான் இருந்தது ஒரு சாயப்பட்டறையில். அதற்கு முன்னால் எந்த ஊரிலும் ஒரு பருவத்துக்கு மேல் தங்கியதில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆயக்குடியில் கொய்யாப் பெட்டி கட்டினேன், ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியோடு சுற்றினேன், லாரியில் கிளீனராக இருந்தேன். பட்டறைக்கும் கொஞ்ச நாள் வேலைக்கென்றுதான் வந்தேன். வந்த இடத்தில் மஞ்சள்காமாலை பிடித்துக்கொண்டது.

பட்டறைக்காரரும் அவர் சம்சாரமும் என்னை விரட்டவில்லை. அவரை அண்ணன் என்றும் அந்த அம்மாவை மதினி என்றும் கூப்பிடுவேன். மதினி கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். உப்பில்லாத கஞ்சியை மாடி அறைக்கு அவரே தூக்கி வந்தார். எழுந்து நடக்கும் அளவுக்குத் தேறியதும் கிளம்புகிறேன் என்றேன். சாயத்துக்கு வந்திருக்கிற இந்த லாட்டு முடியட்டும் என்றார் அண்ணன். அது முடிந்ததும் அடுத்தது வந்துவிட்டது. அப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. என்னை யாரும் கட்டிப்போடவில்லை. அந்த அறைக்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது. ஆனால் தின்ற கஞ்சி காலைக் கட்டிக் கிடந்தது. கிளம்புகிறேன் என்று வாயெடுத்தாலே மதினியின் முகம் நான் ஏதோ குறை சொல்லிவிட்டதுபோல ஆகிவிடும்.

அறைக்கு ஒரே ஒரு சன்னல். திறந்தால் பக்கத்துப் பட்டறையின் சுவர், கை நீட்டினால் தொட்டுவிடலாம். கீழே அண்டாவிலிருந்து ஆவி ஏறி மேலே வந்து தங்கும். படுக்கை, சட்டை, சோறு எல்லாவற்றிலும் சாய வாடை. கை நகங்கள் கருநீலமாக இருந்தன, தேய்த்தும் போகவில்லை. ராத்திரி படுத்தால் லாரி மேல் உட்கார்ந்து பார்த்த சமவெளிதான் கண்ணுக்குள் ஓடும். செம்மண், நடுவில் கறுப்பு மண், வெங்காயக் காட்டின் பச்சை, குளத்தின் காய்ந்த வெடிப்பு. வண்டி வேகத்தில் ஊரும் மரமும் கரைந்து போய் நிறம் மட்டும் மிஞ்சும்.

அந்தப் பட்டறையில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போட்டார்கள். வெள்ளைத் துணியில் புள்ளி புள்ளியாகக் கிள்ளி, ஒவ்வொரு புள்ளியையும் நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். கட்டிய துணியைச் சாயத்தில் முக்கினால், கட்டுக்குள் இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். முடிச்சோடு காயும்போது துணி சுருங்கி, முண்டும் முடிச்சுமாக, நிலம் மாதிரியே கிடக்கும். ஒரு நாள் மாடிப்படியிலிருந்து கீழே பார்த்தேன். செங்காவி நிறத்தில் ஒரு துணி தரையில் காய்ந்துகொண்டிருந்தது. வேடசந்தூர் பக்கத்துக் கரட்டுக்காடு அப்படியே அங்கே கிடந்தது. அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு கண்ணில் பட்டதெல்லாம் நிலமாகத் தெரிய ஆரம்பித்தது. அண்டாவின் அடியில் உரிந்த துரு, கிழிந்த சாக்கு, தார்ப்பாயின் மூலை, சைக்கிள் டியூப், சிமெண்டுப் பை. அவற்றைப் பழைய பலகைகளில் ஒட்டினேன். மரமில்லை, வீடில்லை, சூரியனுமில்லை. அண்ணன் வேடிக்கை பார்க்க வருவார். "ஏலே, ஒரு பனமரமாவது வச்சாத்தானலே ஊருன்னு தெரியும்? வண்டிக்குப் பஞ்சர் ஒட்டுனாப்புல இருக்கு." சிரிப்பேன். பனைமரத்துக்குப் பக்கத்தில் நான் நின்றதில்லை, கடந்துதான் போயிருக்கிறேன் என்று அவரிடம் சொல்லத் தெரியவில்லை.

ஓட்டல்காரர் பட்டறைக்கு வந்தது, சாலையோரம் அவர் புதிதாகத் திறக்கப்போகும் ஓட்டலின் வரவேற்பறைப் பெண்களுக்குச் சீருடைச் சேலை வாங்க. சுவரில் சாய்த்திருந்த பலகையைப் பார்த்துவிட்டு, இது சிறுமலை வளைவிலிருந்து கீழே பார்க்கிற மாதிரி இல்லையா என்று கேட்டார். அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வரவேற்பறைச் சுவருக்குப் பெரிதாக ஒன்று வேண்டும், அது நன்றாக வந்தால் அறைக்கு ஒன்று, முடியும்வரை அங்கேயே தங்கிக்கொள்ளலாம் என்றார். அண்ணன் முன்னாலேயே சொன்னார். அண்ணனின் முகம் மலர்ந்தது. நான் நினைத்துக்கொண்டது ஒன்றுதான்: நன்றி கெட்டவன் என்ற பேர் இல்லாமல் வெளியேற எனக்குக் கிடைக்கக்கூடிய ஒரே வழி இது.

பெரிய துணியாகக் கட்ட வேண்டியிருந்தது. கட்டுவதில் என் விரல் மெதுவானது. பாதிக்கு மேல் மதினிதான் கட்டினார், சமையலுக்கும் சீரியலுக்கும் நடுவில், மாதக்கணக்கில். எங்கே நெருக்கிக் கட்ட வேண்டும், எங்கே வெற்றாக விட வேண்டும் என்று நான் கரியால் குறி போட்டுக் கொடுப்பேன். "இது என்னடா டிசைனு, மாடு மேஞ்ச காடு மாதிரி?" என்பார், கட்டிக்கொண்டே இருப்பார். முதலில் வைக்கோல் நிறம், அதன்மேல் காவி, மேல்விளிம்பில் மட்டும் கருநீலம். முடிச்சுகளுக்கு நடுவே கஞ்சியில் குழைத்த செம்மண்ணைத் தடவினேன். முடிச்சுகள் அப்படியே நிற்கும்படி பலகையில் சுற்றிலும் சின்ன ஆணி அடித்தேன். கிளம்பும் அன்று கறிக்குழம்பு வைத்து, புதுச் சட்டை கொடுத்து அனுப்பினார்கள். மகனை வேலைக்கு அனுப்புகிற வீடு மாதிரி இருந்தது. தெருமுனை திரும்பும்வரை எனக்கு மூச்சு சரியாக வரவில்லை.

ஓட்டலில் எனக்குத் துணிகள் அடுக்கும் அறையில் இடம் கொடுத்தார்கள். சட்டம் போட ஆசாரி வருவதாக இருந்தது. அதுவரை பலகை வரவேற்பறையில் சுவரோரமாகச் சாய்ந்திருந்தது. அன்றைக்குச் சட்டத்துக்கு மரம் பார்க்க நான் டவுனுக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது பலகை வெறுமையாக நின்றது. சுற்றிலும் ஆணி இருந்த ஓட்டைகள்.

சோபாவில் ஓட்டல்காரரின் அக்கா உட்கார்ந்திருந்தார். சின்னாளபட்டியில் சேலை வியாபாரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவர் காலடியில் பிரித்த நூல் ஒரு குவியல், பறவைக்கூடு மாதிரி. மடியில் என் துணி, மடித்து வைத்திருந்தது. சுங்குடி வாங்குகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நல்ல சரக்கை முடிச்சு அவிழ்க்காமல்தான் விற்பார்கள். வாங்குகிறவர் அவரே பிரித்துப் பார்த்து, கைக்கட்டா அச்சடித்ததா என்று தெரிந்துகொள்வார். தம்பி ஏமாந்துவிடக் கூடாதென்று அந்த அம்மா மத்தியானம் முழுக்க உட்கார்ந்து ஒரு முடிச்சு விடாமல் பிரித்திருக்கிறார்.

"வாங்க தம்பி, நீங்கதானா?" என்றார். முகத்தில் அத்தனை திருப்தி. "நெசமான கைக்கட்டு. ஒரு புள்ளிகூடத் தப்பல. ஆனா யாரோ மண்ணுல போட்டுப் பொரட்டிட்டாங்க. நல்லா ஒதறி, தேச்சும் வச்சிட்டேன்."

விரித்துக் காட்டினார். விளிம்பில் கருநீலம் ஓடிய தட்டையான காவித் துணி, முழுக்க வெள்ளைப் புள்ளி. போர்த்திக்கொள்ளலாம், மேசைக்கு விரிக்கலாம். மலையும் இல்லை, காடும் இல்லை. நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. நன்றாகத் தேய்த்திருக்கிறீர்கள் என்று சொன்னதாகத்தான் நினைக்கிறேன். அந்த அம்மாவைக் கோபிக்க எனக்கு இடமே இல்லை. மூங்கில் கூடையை வாங்கினால் கவிழ்த்துப் பார்க்கிற மாதிரி, அவர் துணியைப் பிரித்துப் பார்த்தார்.

ஓட்டல்காரருக்கு விஷயம் புரிந்தது. ஆனால் மூத்த அக்காவை அவர் என்ன சொல்வார்? என்னை ஓரமாகக் கூட்டிப்போய், இன்னொன்று கட்ட எத்தனை நாளாகும் என்று கேட்டார். மாதக்கணக்காகும், அதுவும் நான் மறுபடி மதினியிடம் போய் உட்கார வேண்டும் என்றேன். திறப்பு விழாவுக்கு அவ்வளவு நாள் தாங்காது என்றார். தன் போனைத் தேடினார். பலகை வந்து இறங்கிய அன்று அவர் எடுத்து வைத்த படம் அதில் இருந்தது.

"இந்தா, தெளிவா இருக்குல்ல? பிளெக்ஸ் அடிச்சு ஒட்டிருவோம். முடிச்செல்லாம் அப்படியே தெரியும், கவலப்படாதீங்க. நீங்க இங்கயே இருங்க தம்பி. ரூம்பாய் வேல இருக்கு, சாப்பாடு இருக்கு."

நல்ல மனசில்தான் சொன்னார். அங்கேயும் கஞ்சி, அங்கேயும் தாழ்ப்பாள் இல்லாத ஓர் அறை. அதோடு தினமும் அந்தப் பிளெக்ஸைத் தாண்டிப் போக வேண்டும். துணியை அக்குளில் இடுக்கி, பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ரயில்வே மேம்பாலம் ஏறும்போது போன் அடித்தது. மதினி. மாட்டிவிட்டார்களா, வெளிச்சம் படுகிற இடமா, பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். ஆசாரி இன்னும் வரவில்லை என்றேன். அது பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணனைக் கூட்டிக்கொண்டு பார்க்க வருவதாகச் சொன்னார். தெருவில் நாலு பேரிடம் சொல்லியாகிவிட்டதாம். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் பலகையைச் சாய்த்து நின்றுகொண்டேன். உண்மையைச் சொன்னால், திரும்பி வா என்பார். அவர் கூப்பிட்டால் போய்விடுவேன் என்று எனக்குத் தெரியும். போனால் அந்தச் சன்னலுக்கு எதிர்ச்சுவர்தான் மிச்ச வாழ்க்கைக்கும். சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஓட்டலுக்குப் போய், தன் கைக்கட்டு பிளாஸ்டிக்காகத் தொங்குவதைப் பார்ப்பார். சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் சொல்வதற்கு முன்னால் என் கையில் ஒரு வேலை இருக்க வேண்டும். வெறுங்கையோடு அந்தக் குரலுக்கு மறுப்புச் சொல்ல என்னால் ஆகாது.

பஸ் ஸ்டாண்டில் பலகையைத் தரையில் போட்டு அதன்மேல் படுத்தேன். காலையில் எழுந்து பூட்டுக் கடைகள் இருக்கும் தெருக்களில் நடந்தேன். ஷட்டர்கள் இன்னும் இறங்கியிருந்தன. சர்ச் மணி அடித்து ஓய்ந்த நேரம், ஒரு சந்தில் கரிப்புகை வந்தது. லாண்டரி. சாலையோர ஓட்டல்களிலிருந்து வந்த விரிப்புகள் வாசலிலேயே கூரை உயரத்துக்குக் கிடந்தன. லாண்டரிக்காரர் ஒற்றை ஆளாக இஸ்திரிப் பெட்டியில் கரித்துண்டு போட்டு ஊதிக்கொண்டிருந்தார். ஆள் வேண்டுமா என்று கேட்டேன். என் நகங்களைப் பார்த்தார். சாயப்பட்டறையா என்றார். ஆமாம் என்றேன். துணியில் கறை இறங்காது இல்லையா என்றார். இறங்காது, இது நகத்தோடதான் போகும் என்றேன். "சரி அப்பு, இன்னைக்கு நின்னு காட்டு," என்று மேசைப் பக்கம் கையைக் காட்டினார்.

பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றேன். துவைத்துக் காய்ந்த விரிப்புகள் மடிப்பும் சுருக்கமுமாக எனக்கு முன்னால் குவிந்து கிடந்தன. மார்கழியில் மேகம் இறங்கிய சிறுமலை அப்படித்தான் இருக்கும். ஒன்றை உருவி மேசையில் போட்டேன், தண்ணீர் தெளித்தேன், பெட்டியை வைத்தேன். மடிப்பெல்லாம் படுத்துவிட்டது. ஓட்டலில் அந்த அம்மா செய்ததையேதான் செய்கிறேன் என்று தோன்றியது. இரண்டாவதையும் எடுத்தேன்.

ஐந்தாறு விரிப்பு முடிந்ததும் மதினியை நானே கூப்பிட்டேன். நடந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். அந்தப் பக்கம் விசும்புகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அழுகிறாரோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று.

"அவுக என்ன பண்ணுவாக? நானா இருந்தாலும் பிரிச்சுத்தான் பாத்திருப்பேன்." பிறகு குரல் இறங்கியது. "ஒரு புள்ளி தப்பலைன்னாங்களா?"

"தப்பலன்னாங்க மதினி."

"சரி. அந்தத் துணியப் பத்திரமா வச்சுக்க. கெளம்பி வா, மத்தியானத்துக்குப் புளிக்கொழம்பு வச்சிருக்கேன். மறுபடி கட்டிருவோம்."

புளிக்குழம்பின் வாடை போனிலேயே வந்தது. பெட்டியிலிருந்து ஒரு தீப்பொறி விரிப்பில் விழுந்தது, ஊதித் தள்ளினேன்.

"வேலைல இருக்கேன் மதினி," என்றேன்.

எங்கே, என்ன வேலை என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தபோதே லாண்டரிக்காரர் இன்னொரு மூட்டையைக் கொண்டுவந்து அவிழ்த்துக் கொட்டினார். சந்தும் வெளிச்சமும் மறைந்துவிட்டன. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மேலே கிடந்ததை உருவி மேசையில் விரித்தேன்.