ஷட்டருக்குக் கீழே நின்ற கெளுத்தி

நிலக்கரி மைன்ஸில் முப்பது வருஷம் வேலை பார்த்தும் சட்டையில் ஒரு பொட்டுக் கரி படாமல் காலத்தை ஓட்டியவர் சக்கரபாணி. ஆபீஸில் ஒரு நாற்காலி, தலைக்கு மேல் ஒரு மின்விசிறி. இடையில் உட்கார்ந்து தன் கணவர் என்னதான் செய்கிறார் என்பது திலகவதிக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவருக்காவது விளங்கியதா என்பதும் அவளுக்குச் சந்தேகம்தான். ஆனால் நெய்வேலி நகரியத்தில் எந்த பிளாக்கில் விழா நடந்தாலும் மேடையில் ஓர் ஓரமாவது அவருக்கு உண்டு. மைக்கைக் கண்டால் காய்ச்சல்கூட இறங்கிவிடும் மனிதர்.

அப்படிப்பட்டவர் மீன்களுக்குக் காவலர் ஆனதற்குத் திலகவதிதான் காரணம். போன ஐப்பசி மழையில் திருவதிகைப் பக்கம் தம்பி வீட்டுக்குப் போனவள், கெடில ஆற்றுத் தடுப்பணையை எட்டிப் பார்த்தாள். வாய்க்காலுக்குத் தண்ணீர் திருப்புவதற்காக இரும்பு ஷட்டர்களையெல்லாம் இறக்கியிருந்தார்கள். முட்டையிடுவதற்காக வெள்ளத்தை எதிர்த்து ஏறி வந்த நாட்டுக் கெளுத்திகள் இரும்பில் முட்டி முட்டி விழுந்துகொண்டிருந்தன. மூக்கு கிழிந்தும் திரும்பிப் போகவில்லை. சந்தையில் கண்ணில் படுவதே அபூர்வமாகிவிட்ட மீன் அது. குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் அவள் அழுதேவிட்டாள்.

"ஒரே ஒரு ஷட்டர மழ நாள்ல கொஞ்சம் தூக்கி வச்சா அதுங்க ஏறிக்கும். நாலு பேருகிட்ட சொல்லுங்களேன்" என்று கெஞ்சினாள்.

சக்கரபாணிக்கு அழுகை கேட்கவில்லை, கைதட்டல் கேட்டது. ஒரே வாரத்தில் ஆற்றுமீன் பாதுகாப்பு மன்றம் உதயமானது. தலைவர் அவரே. பேனரில் அவர் படம் பெரிதாக, மீன் படம் சிறிதாக. அந்த மீனும் வஞ்சிரம்.

"இது கடல் மீனுங்க" என்றாள் திலகவதி.

"மீன்னா மீன்தான். ஜனங்களுக்கு மெசேஜ் போய்ச் சேர்ந்தா போதும்."

ஆனாலும் அவருடைய நச்சரிப்பு பொறுக்காமல் அதிகாரிகள் ஒத்துக்கொண்டார்கள். இந்த வருஷ மழைக்கு ஒரு ஷட்டர் மட்டும் பாதி தூக்கியே இருக்கும் என்றார்கள். கல்யாணமாகி முதல்முறையாகத் திலகவதிக்கு அவர்மேல் ஒரு மதிப்பு வந்தது. அன்றைய காபியில் சர்க்கரை கூடுதலாகவே போட்டாள்.

மழை இறங்கிய சில நாளில் அவள் தம்பி குழந்தைவேல் வந்தான். ஆற்றுப்பாசன விவசாயிகள் கூட்டத்துக்கு மாமாதான் தலைமை தாங்க வேண்டுமாம்.

"ஷட்டரு தூக்கிகினே இருந்தா கடைமடைக்குத் தண்ணி ஏறலீங்க மாமா. நாத்து காயுது" என்றான்.

அவன் சொன்னதிலும் பொய்யில்லை. "ராவுல தூக்கிட்டு பகல்ல எறக்கலாமேடா" என்றாள் திலகவதி. குழந்தைவேல் யோசித்தான். "அது ஆவும்க்கா. மாமா மேடையில ஒரு வார்த்த சொன்னா எங்காளுங்க கேப்பாங்க."

ஒரே ஒரு வார்த்தை. சக்கரபாணி கேட்டதோ வேறு: "பொன்னாடை யார் போத்துறாங்க?"

கூட்டத்தில் மீனைப் பற்றித்தான் ஆரம்பித்தார். முன்வரிசையில் நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தாள் திலகவதி. கூட்டம் கொட்டாவி விட்டது. கைதட்டல் வராத இடத்தில் அவருக்கு மூச்சு முட்டும். சட்டென்று குரலை உயர்த்தினார்: "ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வீணாகக் கடலில் கலக்க விடமாட்டோம்!" பந்தல் அதிர்ந்தது. அந்த ஒலியில் மனிதர் ராத்திரி, பகல், கெளுத்தி எல்லாவற்றையும் மறந்துபோனார். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பது இவருக்காகவே சொன்னது என்று திலகவதி பல்லைக் கடித்தாள். மீன் மன்றத் தலைவரே சொல்லிவிட்டார் என்று மறுநாள் காலையிலேயே ஷட்டரை இறக்கிவிட்டார்கள்; ராத்திரிக்குக்கூடத் தூக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குழந்தைவேல் ஒரு பையோடு வந்தான். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் அடுப்படியில் வைத்துவிட்டுப் போனான். உள்ளே கெளுத்திகள். எல்லாம் வயிறு புடைத்த சினை மீன்கள். திலகவதி ஒவ்வொன்றாக அறுத்துக் கழுவினாள். குழம்பு மட்டும் நன்றாகவே வைத்தாள்.

சக்கரபாணி சப்புக்கொட்டிச் சாப்பிட்டார். "எந்தக் கடையில வாங்கின? பண்ணைக் கெளுத்திக்கு இந்த ருசி வராதே."

"கடையில இல்லீங்க. ஷட்டருக்குக் கீழ நின்னுகினு இருந்துதாம். ஏற வழியில்ல. வீணா கடலுக்குப் போவக்கூடாதுன்னு அள்ளிட்டாங்க."

அவர் கை சோற்றில் நின்றது. திலகவதி அவர் முகத்தையே பார்த்தாள். ஒரு வெட்கம், ஒரு வருத்தம், குறைந்தது ஒரு பெருமூச்சாவது வரும் என்று இத்தனை வருஷப் பழக்கத்தையும் மீறி ஒரு கணம் நம்பினாள்.

"அப்போ சினை இருக்குமே. எடுத்து வச்சியா?" என்றார்.

அவள் சட்டியைத் தூக்கி வந்து, சினை முழுவதையும் அவர் தட்டில் கவிழ்த்தாள்.

"சாப்புடுங்க. இனிமே கெடைக்காது" என்றாள்.